ஊசி போட்ட மூன்றாம் நாள்

என் மகனுக்கு நெஞ்சு வலித்தபோது நான் டொக்டரிடம் பொய் சொன்னேன். வாழ்க்கையின் முக்கால்வாசியை ஹட்டனில் ஒரு புத்தகக் கடையில் கழித்து, மிச்ச நேரத்தில் ஊருக்கு அறிவு சொல்லித் திரிந்த ஐம்பது வயதுக்காரன் செய்த காரியம் இது. அம்மனின் அருளைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இதை மறைத்தால் மூன்றாவது பொய்யாகிவிடும். இரண்டாவது பொய் பின்னால் வருகிறது.

2022, மாசி மாதம். தினேஷுக்குப் பதினாறு வயது. பாடசாலை மண்டபத்தில் பெரிய பிள்ளைகளுக்குக் கொரோனா தடுப்பூசியின் இரண்டாவது தவணை போட்டார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில், பலர் தயங்கினார்கள். தயக்கத்தைப் போக்கும் பொறுப்பை யாரும் என்னிடம் தரவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன். வீடு வீடாகப் போய்ப் பேசினேன். பேசியதோடு விட்டிருக்கலாம்.

நாலு வீடு தள்ளி இருக்கும் செல்வராணி கொழுந்து பறிப்பவள். "பொம்பளப் புள்ள வச்சிருக்கேன். நாளைக்கி ஒண்ணு ஆச்சுன்னா யாருண்ணே பதில் சொல்றது?" என்று கேட்டாள்.

"ஏன் தங்கச்சி, மலையில கொழுந்து பறிக்கையில அட்டை கடிச்சா மட்டும் யாருகிட்ட போயி பதில் கேட்ட?"

லயமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து ஊசி போட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் தினேஷ் என்னை எழுப்பினான். "அப்பா, நெஞ்சுல என்னமோ குத்துது. படுத்தா கூடுது."

எனக்கு முதலில் அவனுடைய நெஞ்சு ஞாபகத்துக்கு வரவில்லை. செல்வராணியின் முகம்தான் வந்தது. இது வெளியே தெரிந்தால் நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பேன்? டவுனில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனேன். பையன் வாய் திறப்பதற்குள், "கரப்பந்து விளையாடினான் டொக்டர், புடிச்சுக்கிட்டுது" என்றேன். வேறு ஏதாவது உண்டா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். வலி மாத்திரை கொடுத்தார். பாவம், சொன்னதற்குத்தானே மருந்து கொடுக்க முடியும். தினேஷ் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அன்று மாலை அவனால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தான். என் மனைவி கமலா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அவள் அழைத்தாள். "தம்பி எங்கங்க?"

"தூங்குறான்."

அது இரண்டாவது பொய்.

எங்கள் லயத்தில் ஒருவர் தும்மினால் மூன்று வீட்டில் இருந்து சத்தம் கொடுப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் டிவியில் யாரோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய்க் கதவைத் தட்டினால் போதும். முடியவில்லை. எல்லாக் கதவையும் என் வாயாலேயே சாத்திவிட்டிருந்தேன். பன்னிரண்டு குடும்பத்துக்கு நடுவில், ஒரு பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டு, அவ்வளவு தனியாக நான் இருந்ததே இல்லை.

விடிந்ததும் தேயிலை ஃபெக்டரிக்கு மேலே மேட்டில் இருக்கும் அம்மன் கோயிலுக்குப் போனேன். பூசாரி வெள்ளிக்கிழமைதான் வருவார். பூட்டியிருந்தது. பனிமூட்டத்தில் அம்மன் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. சாமி கும்பிடுபவர்களை ஆராய்ச்சியாளன்போலத் தள்ளி நின்று பார்த்தவன், கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ஆத்தா, எனக்குப் பேச ஒரு ஆளு இல்ல. புள்ளயக் காப்பாத்து. திருவிழாவுக்கு அவன் காவடி எடுப்பான்."

திரும்பி வந்தால், என் வாசலில் செல்வராணி. வேலைக்குப் போகிற கோலத்தில், கூடையோடு நின்றாள். திறந்திருந்த கதவு வழியாகத் தினேஷைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாண்ணே, புள்ள இப்புடி மூச்சு வாங்குறான்?"

வலி வந்ததையும் டொக்டரிடம் போனதையும் சொன்னேன். அவளிடம்.

"ஊசி போட்டத டொக்டருகிட்ட சொன்னீங்களா?"

இல்லை என்றேன்.

"ஊசி போட்ட அன்னைக்கி அந்த நர்சம்மா படிச்சிப் படிச்சி சொன்னாங்களே! நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சு முட்டுறது, எது வந்தாலும் ஒடனே கொண்டாங்க, ஊசி போட்டத மறக்காம சொல்லுங்கன்னு. நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

வெளியே வரிசையில் நின்றவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். ஊசிக்குப் பயந்தவள் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள். ஊசிக்காகப் பிரசாரம் செய்தவன் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

தன் தம்பியின் ஆட்டோவை வரவழைத்தாள். வேலைக்குப் போகாமல் எங்களோடு ஏறினாள். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று எப்போது சொல்வாள் என்று வழிநெடுகக் காத்திருந்தேன். இன்றுவரை சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொன்னேன். ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள். இதயத் தசையில் அழற்சி. அம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டொக்டர் பொறுமையாக விளக்கினார். இந்த ஊசிக்குப் பிறகு, அதிலும் இந்த வயது ஆண் பிள்ளைகளுக்கு, மிக அரிதாக இப்படி வருவதுண்டு. நேரத்தோடு கவனித்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். கொரோனா நோய் வந்தாலும் இதயத்துக்கு இந்த ஆபத்து உண்டு, ஊசியால் வருவதைவிட அதிகமாகவே. நடைபாதையில் நின்று கமலாவுக்கு அழைத்து உண்மையைச் சொன்னேன். அழுதாள். பிறகு திட்டினாள். அந்தத் திட்டு எவ்வளவு துணையாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

தினேஷ் ஆறு நாளில் வீட்டுக்கு வந்தான். சில மாதங்களுக்கு ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, ஆடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போதுதான் காவடி ஞாபகம் வந்தது. பையனுடைய இதயத்துக்காக, அந்த இதயம் தாங்காத ஒன்றையே நேர்ந்து வைத்திருக்கிறேன். பூசாரியிடம் ஓடினேன்.

"நேந்துக்கிட்டது யாரு?" என்றார்.

"நான்தான்."

"அப்ப ஒங்க தோளுக்கு என்னா கேடு?"

திருவிழாவில் நானே எடுத்தேன். ஃபெக்டரியில் இருந்து கோயில் வரைக்கும் ஏற்றம். மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். தப்பு அடிப்பவர்கள் எனக்காகக் காத்து நின்று பீடி பற்றவைத்தார்கள். தினேஷ் பக்கத்தில் மெதுவாக நடந்து வந்தான். அவன் மூச்சு சீராக இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே ஏறினேன்.

இப்போது அவன் மறுபடியும் கரப்பந்து விளையாடுகிறான். நான் இப்போதும் ஊசி போடச் சொல்கிறவன்தான். ஆனால் நர்சம்மா சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன், யாரையும் கேலி செய்யாமல். கும்பிட ஆளில்லாத நேரத்திலும், கதவு பூட்டியிருக்கும்போதும் ஆத்தா கேட்கிறாள். நம்பிப் போய் நில்லுங்கள். யாரை அனுப்புவாள் என்பது நம் கையில் இல்லை. வந்தவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

கோயிலின் திருவிழாச் சிறப்பு மலரில் அச்சிடக் கொடுப்பதற்கு முன் இதைச் செல்வராணிக்கு வாசித்துக் காட்டினேன். அன்று காலை ஆத்தாதான் அவளை அனுப்பினாள் என்றும் சொன்னேன்.

"ஆத்தாவும் அனுப்பல, யாரும் அனுப்பலண்ணே," என்றாள். "ஒங்க கோழி பாத்தியில நட்டு வச்சிருந்த எங் கோவாக் கன்ன எல்லாம் கொத்திருச்சு. நாக்கப் புடுங்குற மாதிரி நாலு வார்த்த கேக்கலாம்னுதான் வந்தேன். இன்னமும் கொத்திக்கிட்டுத்தான் இருக்கு."