மூடாத முக்கோணம்

ஐந்தாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்குப் பள்ளியில் 'வாய்ப்பாடு' என்று பட்டப்பெயர். பிள்ளைகள் வைத்தது. அவருக்கும் தெரியும், கோபமில்லை. பத்தொன்பது வருடங்களாகக் கரும்பலகை, சாக்பீஸ், உரத்த குரல் மூன்றையும் வைத்தே காலத்தை ஓட்டியவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதினாறாம் வாய்ப்பாட்டைப் பிசகாமல் சொல்வார். கம்ப்யூட்டர் என்றால் மட்டும் காத தூரம் ஓடுவார்.

அவர் தலையில்தான் அந்த அட்டைப்பெட்டி வந்து விழுந்தது. உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு பொம்மை வண்டி, ஒரு டேப்லெட். திரையில் கட்டளைகளை வரிசையாக அடுக்கினால் வண்டி அதன்படி ஓடும். நடுவில் செருகிய ஸ்கெட்ச் பேனா தரையில் விரித்த தாளில் கோடு போடும். இதற்கான பயிற்சிக்குப் போய்வந்த அறிவியல் ஆசிரியரோ வேறு பள்ளிக்கு மாறிப் போய்விட்டார்.

"கணக்கு கிளாஸ்லயே கோடிங்கும் சேர்ந்து வரணுமாம். உங்களை விட்டா யார் இருக்கா?" என்றார் தலைமையாசிரியை.

"எனக்கு போன்ல ஒரு போட்டோ அனுப்பவே என் பொண்ணு வேணும், மேடம்."

"அதனாலதான் கேக்கறேன். தெரிஞ்ச மாதிரி நடிக்க மாட்டீங்க."

ஒரு வாரம் வீட்டில் மகளோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டார். வகுப்பில் முதல் நாள் சதுரம். நான்கு தடவை முன்னால் போய், நான்கு தடவை தொண்ணூறு டிகிரி திரும்பி, வண்டி புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. தெம்பு வந்துவிட்டது டீச்சருக்கு.

"அடுத்து முக்கோணம். மூணு பக்கமும் சமம். கோணம் எவ்வளவு?"

"அறுபது!" வகுப்பே கத்தியது.

"அப்ப அறுபது போடு."

வண்டி மூன்று கோடு இழுத்துவிட்டு நின்றது. தாளில் கிடந்தது முக்கோணமல்ல, வாய் திறந்த கிண்ணம். மறுபடி ஓட்டினார். மறுபடியும் கிண்ணம்தான். பேட்டரியின் மேல் பழியைப் போட்டார்.

"பேட்டரி போனா வண்டி நிக்கும் டீச்சர், தப்பா திரும்பாது" என்றாள் முன் பெஞ்சுக் கண்ணாடிக்காரி.

நியாயம்தான். டீச்சருக்கு முகம் சூடேறியது. "நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன். நாளைக்குப் பாக்கலாம்" என்றார். அந்த வகுப்பறையில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை.

சாயங்காலம் ஹாலில் சாக்பீஸால் பெரிய முக்கோணம் போட்டார். கணவர் பஸ் டிரைவர். அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, கொஞ்சம் எந்திரிங்க. இந்தக் கோட்டு மேல நடங்க. நீங்கதான் வண்டி."

"பகல் பூரா வண்டி ஓட்டினது பத்தாதுன்னு இப்ப நானே வண்டியா?"

முனங்கிக்கொண்டே நடந்தார். முனைக்கு வந்ததும் அறுபது டிகிரி திரும்பச் சொன்னார் டீச்சர். திரும்பினார்; மூக்குக்கு நேரே ஃபிரிட்ஜ். அடுத்த கோடோ இன்னும் பக்கவாட்டில் விலகிக் கிடந்தது.

"இது பத்தாதும்மா. கொண்டை ஊசி வளைவு மாதிரி இருக்கு. ரோடு எவ்வளவு குறுகலா மடங்குதோ, ஸ்டீயரிங்க அவ்வளவு அதிகமா ஒடிக்கணும்."

டீச்சருக்குச் சுரீரென்று உறைத்தது. அறுபது என்பது முக்கோணத்துக்கு உள்ளே இருக்கிற கோணம். வண்டி திரும்ப வேண்டியதோ, தான் நேராகப் போய்க்கொண்டிருந்த திசையிலிருந்து. நூற்றெண்பதில் அறுபது போனால் நூற்றிருபது! சதுரத்தில் இரண்டும் தொண்ணூறாக அமைந்துவிட்டதால் குட்டு வெளிப்படவில்லை.

மறுநாள் விடையை அவர் சொல்லவில்லை. வராந்தாவில் கோடு போட்டுப் பிள்ளைகளையே வண்டியாக நடக்க விட்டார். இடித்துக்கொண்டார்கள், சண்டை போட்டார்கள், கடைசியில் நூற்றிருபதைக் கண்டுபிடித்தார்கள். தாளில் முக்கோணம் கச்சிதமாக மூடியது.

வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண் மெல்லக் கேட்டாள்: "டீச்சர், நேத்து போட்ட அறுபதையே நிறுத்தாம ஓட விட்டா என்ன ஆகும்?"

"எனக்கும் தெரியலையே. விட்டுத்தான் பாரேன்."

ஆறு பக்கத்தோடு அழகான ஒரு வடிவம் வந்து மூடிக்கொண்டது. ஆறு அறுபது முந்நூற்றறுபது. மூன்று நூற்றிருபதும் அதே, நான்கு தொண்ணூறும் அதே என்று பிள்ளைகள் வாய்ப்பாட்டைப் போட்டுக் குதித்த குதியில் தலைமையாசிரியையே எட்டிப் பார்த்தார்.

"சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேக்குது, டீச்சர்."

"கணக்குச் சத்தம்தான், மேடம். கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றபடி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார் டீச்சர். ஐந்து பக்கத்துக்கு எத்தனை டிகிரி என்று அங்கே பெரிய தகராறு நடந்துகொண்டிருந்தது.