துணியை எடுக்காத கை

கரிவலம்வந்தநல்லூர்க் கரிசலில் செருப்பில்லாமல் நடந்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் சிங்கப்பூரில் கண்ணாடிக் கடை வைத்தேன், தம்பிமாரைக் கரையேற்றினேன், சங்கரன்கோவிலில் மாடிவீடு எழுப்பினேன். இதையெல்லாம் ஊர் ஒப்புக்கொள்கிறது. ஒன்றை மட்டும் மறுக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இங்கே சிங்கப்பூரில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. ஆனால் அவருக்கு அடிபட்டால் ரத்தத்தை நிறுத்தச் சமூக மன்றத்தில் கூடிப் பயிற்சி எடுக்கிறார்கள்! நானும் போனேன். ஒரு ரப்பர்க் கால், அதில் வெட்டு, வெட்டிலிருந்து பீச்சும் சிவப்புத் தண்ணீர். துணியை வைத்து அழுத்தினேன். நின்றதா என்று தூக்கித் தூக்கிப் பார்த்தேன். சொல்லித்தந்த சீனப் பெண் என் கையைத் தட்டினாள். “அங்கிள், நாட் குக்கிங் கறி லா! டோன்ட் ஓப்பன்!”

“கறி ஐ குக் வெரி குட்” என்றேன் ரோஷத்தோடு. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகுதான் விளங்கியது: திறந்தால் உறைகிற ரத்தமும் பிய்ந்துவிடும். துணி நனைந்தால் மேலே இன்னொரு துணி. பிடியை மட்டும் விடவே கூடாது.

போன விடுமுறையில் சங்கரன்கோவிலில் என் புது வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி ஏற்றும்போது அது சரிந்து அக்கா புருஷனின் தொடையைக் கிழித்தது. ரத்தம் கொப்பளித்தது. வேட்டியைக் கிழித்து வைத்து முழுப் பலத்தோடு அழுத்தினேன். எதிர்வீட்டுக்காரர் காப்பித்தூளோடு ஓடிவந்தார். அக்கா கோவில் புற்றுமண்ணோடு வந்தாள்.

“ஏலே, கைய எடுலே. மண்ண அப்புனா நின்னுரும்.”

“எடுக்க மாட்டேன்.”

“ரத்தம் நின்னுட்டுதான்னாவது பாரும்வே!” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

“காப்பித்தூள வச்சுக் காப்பி போடும்வே! மொதல்ல ஆட்டோவக் கூப்பிடும்!”

“சிங்கப்பூரு போயி சாமியையும் விட்டுட்டான். என் தாலிய அறுக்கப் பாக்குதான்!” அக்கா மார்பில் அடித்துக்கொண்டாள்.

“சாமிய நான் விடலக்கா. மண்ண அத்தான் நெத்தியில பூசு. தொடையில என் கை இருக்கு.”

ஆட்டோவில் அவர் காலடியில் மண்டியிட்டு, ஆஸ்பத்திரி வரை பிடியை விடவில்லை. விரல்கள் மரத்துப்போயின. டாக்டர்தான் என் கையை விலக்கினார். “இப்படிப் பிடிக்கலன்னா இங்க வந்திருக்கவே மாட்டாரு” என்றார். அக்கா காதில் அது விழுந்ததா தெரியவில்லை.

அத்தான் இப்போது நடக்கிறார். கோமதியம்மன்தான் காப்பாற்றினாள் என்று ஊரே சொல்கிறது; அக்கா ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நேர்த்திக்கடனாக வெள்ளித் தகட்டில் கால் செய்து உண்டியலில் போட்டாளாம். போடட்டும். அம்மன் பங்கை நான் கேட்கவில்லை. என் பங்கைக் கேட்கிறேன். அடுத்த தபசுக்கு ஒரு கையும் செய்து போடு அக்கா. யார் கை என்று கேட்பவர்களிடம் என் பேரைச் சத்தமாகச் சொல். நானோ இங்கே சிங்கப்பூரில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கையாவது ஊரில் இருக்கட்டும்.