பொன்னாடைக்குள் சிக்கிய கைகள்

"வெள்ளிக்கிழமை ஆண்டு விழாவுக்கு வர முடியுமா அக்கா?" என்று திங்கட்கிழமை காலையில் அமுதா அக்காவுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். மத்தியானம் அவருடைய தம்பி பதில் எழுதியிருந்தார். "அக்கா நேத்து தவறிட்டாங்க. மாரடைப்பு. இப்பதான் கச்சிராயபாளையத்துல எடுத்தோம்."

நம் கல்லூரி விழாக்களில் மேடையோரம் கறுப்புச் சுடிதாரில் நின்று, காது கேளாத ஐந்து மாணவர்களுக்குச் சைகை மொழியில் பேச்சைச் சொன்னவர் அவர். அவருடைய அம்மா, அப்பா இருவருக்கும் காது கேட்காது. சைகைதான் அவர் வீட்டு மொழி. அவரை வரவழைப்பதும், மேடையில் பேசுவதை உடனுக்குடன் கணினியில் தட்டித் திரையில் ஓடவிடுவதும் என் வேலை.

முதல் விழாவிலேயே அவரைத் தவறான இடத்தில் நிறுத்தினேன். "இன்னாம்மா, வாழைமரத்துக்குப் பின்னால நிக்க வெச்சிட்ட? என் கை ஆடுனா எலை ஆடுதுன்னு நெனைப்பாங்க" என்றார். கட்டிய மரத்தை அவிழ்க்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். "அப்ப மரத்தையே பேசச் சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே தன் மேல் வெளிச்சம் விழ வைத்திருந்த விளக்கை இழுத்துக்கொண்டு மரத்துக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

இன்னொரு நாள், சிறப்பு விருந்தினர் மாணவர்களைத் திட்டியதை நான் தட்டாமல் விட்டேன். அக்கா அதையும் விடாமல் சைகையில் சொன்னார். "திட்டு வாங்கறதுக்கும் அந்தப் பசங்களுக்கு உரிமை கீது. வுடவும் கூடாது, நம்ம சரக்க சேக்கவும் கூடாது."

அப்புறம் பொன்னாடை. அவரை யாருமே கௌரவிக்கவில்லையே என்று, கேட்காமலே மரியாதைப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தவள் நான். விருந்தினர் பேசிக்கொண்டிருக்கும்போதே விழாக் குழுத் தலைவர் போய் அக்காவுக்குப் போர்த்திவிட்டார். இரண்டு கைகளும் துணிக்குள் சிக்கின. ஐந்து பேரும் முன்வரிசையில் எழுந்து நின்றார்கள். அக்கா தோளைக் குலுக்கிப் பொன்னாடையைக் கீழே தள்ளிவிட்டுச் சைகையைத் தொடர்ந்தார்.

"மரியாதைய ஒதறிட்டுப் போற பொம்பளைய இனிமே கூப்பிடாதீங்க. ஸ்கிரீன் ஓடுதில்ல, போதும்" என்றார் குழுத் தலைவர். தவறு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அதுவும் தற்காலிக வேலை.

அக்காவிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கற? எனக்கு ஒரு நாள் வேலதான் போச்சி. அந்தப் பசங்களுக்குப் பேச்சே போச்சி. அவங்களுக்காகப் போய்ச் சொல்லு."

அடுத்த இரண்டு விழாக்களில் திரை மட்டும் ஓடியது. "படிக்கறதுக்குள்ள அடுத்த வரி வந்துடுது" என்று ஒரு மாணவி என் நோட்டில் எழுதிக் காட்டினாள். நடந்ததைக் குழுத் தலைவருக்குக் கடிதமாக எழுதி மேசைக்குள் வைத்துக்கொண்டேன். தினமும் எடுத்துப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். ஒருவழியாக அந்தத் திங்கட்கிழமை காலையில்தான் கொடுத்தேன். குழுத் தலைவர் படித்துவிட்டு, "சரி, கூப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான். இரண்டு மாதம் நான் பயந்தது இந்த இரண்டு சொல்லுக்கு.

கல்லூரியில் அக்காவுக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் சைகை சொல்ல ஆளில்லை. என் திரை மட்டும்தான். "நாம் அளித்த மரியாதையை அவர் பணிவோடு ஏற்றுக்கொண்டார்" என்று குழுத் தலைவர் பேசினார். ஐந்து பேரும் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்கள். எழுந்து மறுத்துப் பேசினால் திரை நின்றுவிடும். அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை. என் வார்த்தையைத் திரையில் சேர்க்கவும் கூடாது. அவர் சொன்னதை அப்படியே தட்டினேன்.

அதனால்தான் அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். அக்கா யாரையும் அவமதிக்கவில்லை. அந்தப் பட்டியலில் பெயரை எழுதியவள் நான்.

அடுத்த வார விழாவுக்குச் சைகை சொல்ல விழுப்புரத்திலிருந்து புதியவர் ஒருவர் வருகிறார். நிகழ்ச்சி நிரலின் முதல் வரியாக, "பேச்சு முடியும்வரை இவர் கைகளை யாரும் மறிக்கக் கூடாது" என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அமுதா அக்காவிடமிருந்து நான் கற்று வைத்துக்கொண்டது அந்த ஒரு வரிதான்.