புதுப் புத்தகத்தில் ரெஜினா வைக்கும் சீட்டு

ரெஜினாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நான் அப்படித்தான் சொல்வேன். புதுப் புத்தகக் கட்டு வந்து இறங்கினால் மற்ற நூலகர்கள் முத்திரை குத்தி, எண் போட்டு, அலமாரியில் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இந்த அம்மா கதையையும் கவிதையையும் மட்டும் உடனே அடுக்குவார். மருத்துவம், சட்டம், வரலாறு, கடல், மண், விண்வெளி என்று வருகிற மற்றவற்றைத் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிப்பார். படித்து முடித்ததும் உள்ளே ஒரு சீட்டு வைப்பார். சீட்டில் ஓர் ஆளின் பெயர் இருக்கும்.

எங்களுடையது திருக்கழுக்குன்றத்திலிருந்து கடற்கரைக்குப் போகிற வழியில் ஒற்றை அறை நூலகம். ரெஜினா இங்கே பதினான்கு வருஷமாக இருக்கிறார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். “எங்க வூட்டுக்கு மொதல்ல வந்த புக்கு ரேஷன் கார்டுதான் சார்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

நிலத்தடி நீர் உப்பாவதைப் பற்றிய புத்தகம், போர்வெல் போடும் கிருபாகரனுக்குப் போயிற்று. தூக்கத்தைப் பற்றிய புத்தகம், அணுமின் நிலையக் குடியிருப்பான அணுபுரத்தில் இருக்கும் ஷிப்ட் வேலைக்காரர் ஒருவருக்கு. எனக்கு ஒருமுறை காது கேளாமை பற்றிய புத்தகம் வந்தது. ‘வெங்கடராகவன் சாருக்கு. கோபப்படாமல் படிக்கவும்’ என்று சீட்டு. நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியன், தினமும் காலையில் இங்கேதான் இருப்பேன். நான்கு நாள் அவருடன் பேசவில்லை. ஐந்தாம் நாள் புத்தகத்தைப் படித்துவிட்டு டாக்டரிடம் போனேன். ஆள் கெட்டிக்காரிதான், ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் தபால் ஆபீஸ்வரை போய்வருவதாகக் கிளம்பினார். “சார், பத்து நிமிஷம் பாத்துக்கோங்க. மேஜ மேல கீற புக்க மட்டும் யாருக்கும் குடுக்காதீங்க” என்றார். என் காதில் நன்றாகவே விழுந்தது. பின்னால் காது கேட்கவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாமல் போயிற்று.

அவர் போன சற்று நேரத்தில் ஜெபசிங் வந்தான். கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறவன். கையெடுத்துக் கும்பிட்டுத்தான் பேசுவான். எனக்கு அவனைப் பிடிக்கும்.

“சார், பக்கத்து வூட்டுக்காரன் வேலிய நம்ம எடத்துல போட்டுக்கினு தகராறு பண்றான். சட்டம் பத்தி எதுனா புக்கு கீதா?”

மேஜையின் மேலேயே இருந்தது. பட்டா முதல் போலீஸ் புகார் வரை சாதாரண ஜனங்களுக்காக எளிய தமிழில் எழுதிய புதுப் புத்தகம். ஒருவன் புத்தகம் கேட்டு வந்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. அதன் அருமை பெருமைகளை எடுத்துச் சொல்லி, பதிவேட்டில் எழுதி, கையில் கொடுத்து அனுப்பினேன். உள்ளே பிரித்துப் பார்க்கவில்லை.

ரெஜினா திரும்பி வந்து மேஜையைப் பார்த்தார்.

“சட்டப் புக்கு எங்க சார்?”

“ஜெபசிங் எடுத்துண்டு போனான். வேலித் தகராறாம்.”

“இன்னா சார் பண்ணீங்க? அதுக்குள்ள சீட்டு கீது சார். பொன்னிக்கு எழுதினது.”

பொன்னி ஜெபசிங்கின் மனைவி. கடலோர ரிசார்ட் ஒன்றில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. வாரம் ஒருமுறை நூலகத்துக்கு வந்து, நின்றபடியே எதையாவது படித்துவிட்டுப் போகும். வெயில் காலத்திலும் முழுக்கை ரவிக்கைதான் போட்டிருக்கும். அது ஏன் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ரெஜினாவுக்குத் தோன்றியிருக்கிறது.

சீட்டில் இருந்தது இதுதான்: ‘பொன்னிக்கு. பக்கம் 64. செங்கல்பட்டில் பாதுகாப்பு அலுவலரிடம் பேசிவிட்டேன். வியாழக்கிழமை வேலைக்குக் கிளம்புவதுபோல் வந்துவிடு.’ அறுபத்து நாலாம் பக்கம், கணவன் அடித்தால் மனைவிக்கு என்ன வழி என்பது. அப்படிப்பட்ட பெண்களுக்கு உதவ அரசு வைத்திருப்பவர்தான் பாதுகாப்பு அலுவலர்.

“போன்ல சொல்லிடுங்களேன்” என்றேன்.

“போன அவன் ஒடச்சி மூணு மாசம் ஆச்சி சார். இன்னிக்கி அதுக்கு லீவு. வூட்லதான் கீது.”

கதவைப் பூட்டிக்கொண்டு என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். ரெஜினாதான் ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். மூன்று கிலோமீட்டர். இது நூலகத்திலேயே வைத்துப் படிக்க வேண்டிய புத்தகம், தெரியாமல் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி வாங்கிவிடுவதென்று திட்டம். அவன் இன்னும் பிரித்திருக்க மாட்டான். வழியெல்லாம் ரெஜினா இதையே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குச் சொன்னாரோ, தனக்கே சொல்லிக்கொண்டாரோ.

ஜெபசிங் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். புத்தகம் மடியில் மூடியபடி இருந்தது. பக்கத்தில் அவன் பைக். வீட்டுக்கதவு திறந்திருந்தது, உள்ளே யாரையும் காணோம். பாத்திரம் உருளும் சத்தம்கூட இல்லை.

“வாங்க சார். எதுக்கு இவ்ளோ தூரம்?” என்று எழுந்து கும்பிட்டான்.

ரெஜினா திட்டமிட்டபடி சொன்னார். அவன் மறுபேச்சில்லாமல் புத்தகத்தை நீட்டினான். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. ரெஜினா அறுபத்து நாலாம் பக்கத்தைப் பிரித்தார். சீட்டு இல்லை.

“இதத் தேட்றீங்களா மேடம்?” ஜெபசிங் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்துக் காட்டிவிட்டு மறுபடியும் பையிலேயே வைத்துக்கொண்டான். குரல் உயரவே இல்லை. “எந்தப் பொன்னி?”

வினை என்னால் வந்தது என்ற எண்ணத்தில் நான் குறுக்கே புகுந்தேன். “அது நான் எழுதினதுப்பா. எங்காத்துல வேலை செய்யற பொண்ணு, அவ பேரும் பொன்னி. பாவம், கஷ்டப்படறா.”

“நீங்களா சார்?” அவன் பையிலிருந்து பேனாவை எடுத்தான். “இதே மாதிரி எழுதிக் காட்டுங்க, பாப்போம்.”

முப்பத்தைந்து வருஷம் கரும்பலகையில் எழுதின கை. பேனாவைத் திறக்கவே நேரம் பிடித்தது. ரெஜினாவின் எழுத்து உருண்டை உருண்டையாக இருக்கும், என்னுடையது சாய்ந்து ஓடும். எழுதினால் மாட்டிக்கொள்வேன், எழுதாவிட்டாலும் மாட்டிக்கொள்வேன். புத்தகத்தின் பின்னட்டையில் முனையை வைத்தேன். ஒரு புள்ளி விழுந்தது, அவ்வளவுதான்.

“அவர ஏன் பேஜாரு பண்ற?”

பொன்னி வாசற்படியில் நின்றிருந்தது. உதடு ஒருபக்கம் வீங்கியிருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே நடக்க வேண்டியது நடந்துவிட்டிருந்தது.

“அது எனக்கு எழுதினதுதான். நாந்தான் அக்காவக் கேட்டேன்” என்றது.

“உள்ள போ” என்றான் ஜெபசிங்.

அது போகவில்லை. இறங்கி வந்து, அவன் சட்டைப் பைக்குள் கைவிட்டு, சீட்டை எடுத்துத் தன் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டது. வெளியாட்கள் இரண்டு பேர் முன்னால் மனைவி இப்படிச் செய்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அப்படியே நின்றான்.

“அக்கா, வியாழக்கெழம வரைக்கும் தாங்காது. வண்டில எடம் கீதா?”

ரெஜினா என்னைப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரில் ஏறிக் கிளப்பினார். நான் உட்கார்ந்து வந்த இடத்தில் பொன்னி ஏறியது. செருப்புகூடப் போடவில்லை. வண்டி நகர்ந்ததும் ஜெபசிங் பைக்கை நோக்கிப் பாய்ந்தான். பைக்கை ஒட்டியே நின்றிருந்த நான் அவனுக்கு முன்னால் குறுக்கே போய், முன்சக்கரத்தை இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

“தள்ளு சார்.”

“மாட்டேன்.”

“வயசுக்கு மரியாத குடுக்கறேன். தள்ளு.”

“நான்தானேடா உனக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன். என்னை அடி.”

அவன் அடிக்கவில்லை, ஒரே தள்ளாகத் தள்ளினான். பைக்கோடு விழுந்தேன். மூக்குக்கண்ணாடி எங்கோ தெறித்தது. அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பைக்கை என்மேலிருந்து தூக்கினால்தான் அவனால் கிளம்ப முடியும் என்று தெரிந்தது. ஹேண்டில்பாரை விடவில்லை. தரையில் கிடந்தபடியே ஸ்கூட்டரின் சத்தம் செங்கல்பட்டு ரோட்டில் திரும்புவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.