கம்ப நிழலில் எட்டாவது ஆள்

எங்கள் தெருவில் வெயிலைத் திட்டாத ஒரே ஆள் கூக்காதான். மெக்ஸிகோ நாட்டுப் பாலைவன ஊரான இந்த மெக்ஸிகாலியிலேயே பிறந்து வளர்ந்த நான்கூட மே மாதம் ஆரம்பித்தால் செப்டம்பர் முடியும்வரை திட்டிக்கொண்டுதான் இருப்பேன். திட்டினால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அவளிடம் போய்ப் புலம்பினால் மட்டும், "அதை ஏண்டி சோலே திட்டற? எங்கிட்ட சம்பளம் கேக்காம வேலை செய்யற ஒரே ஆளு அதுதான்" என்பாள்.

அவள் சொல்வதும் நியாயம்தான். மூன்று சீனச் சாப்பாட்டுக் கடைகளுக்கு மேசை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. முற்றத்தில் ஆறு கொடி கட்டியிருக்கிறாள். கடைசி விரிப்பைக் காயப்போட்டுவிட்டுத் திரும்பினால் முதல் விரிப்பு அப்பளமாகக் காய்ந்து நிற்கும். புருஷன் போனபோது மகள் நெரெய்டாவுக்கு நான்கு வயது. இரண்டு துவைக்கும் இயந்திரங்களையும் அந்த வெயிலையும் வைத்துக்கொண்டு அவளை நர்ஸுக்குப் படிக்க வைத்தாள். ஒரே மகள். அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கூக்கா கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிடுவாள், மற்றபடி எதற்கும் போடமாட்டாள்.

அவள் வீட்டு மதிலை ஒட்டிப் பேருந்து நிறுத்தம். எதிரில் என் வீட்டு வாசல். அங்கே ஐஸ் போட்ட பார்லித் தண்ணீர் விற்கிறேன். நிறுத்தத்துக்குக் கூரை கிடையாது, மரமும் கிடையாது. ஒரு மின்கம்பம் இருக்கிறது. பிற்பகலில் அதன் நிழல் தரையில் நாடா மாதிரி நீண்டு கிடக்கும். அதற்குள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக நிற்பார்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் கம்பத்தின் அடியில் இடம். சூரியன் நகர நகர மொத்த வரிசையும் அரை அடி அரை அடியாக நகரும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

போன ஜூன் மாதம் காமிலோ வந்தான். நெரெய்டா கட்டிக்கொள்ளப் போகிற பையன். அவள் நர்ஸ் பயிற்சிக்காகத் தோலூக்காவுக்குப் போன இடத்தில் பழக்கம். தோலூக்கா மலை மேல் இருக்கிற ஊர், அங்கே ஜூன் மாதத்தில்கூடக் கம்பளிச் சட்டை போடுவார்களாம். பையன் கணக்கு வாத்தியார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவனுக்கு வேலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள். ஜூன் முப்பதுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஊர் ஒத்துக்கொண்டால் இங்கேயே குடித்தனம். ஒத்துக்கொள்ளாவிட்டால் நெரெய்டா அவனோடு தோலூக்காவுக்குப் போய்விடுவாள். இங்கிருந்து இரண்டு நாள் பேருந்துப் பயணம்.

பார்த்துப் போக மூன்று வாரத்துக்கு வருகிறேன் என்று அவன் சொன்னதிலிருந்து கூக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு நாள் காலையில் என் வாசலுக்கு வந்து நின்றாள்.

"சோலே, அந்தப் பையனுக்கு வெயில் தெரியக் கூடாது."

"ஏண்டி, அவன் கண்ணைக் கட்டித்தான் கூட்டிட்டு வரப் போறியா?"

"நம்பர் தெரியக் கூடாதுடி. சூடுன்னா சூடுதான், தாங்கிக்கலாம். நாப்பத்தாறுன்னு நம்பரைப் பாத்தாதான் மனுஷனுக்குப் பயம் வரும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாளே என்று சிரித்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. முனையில் இருக்கும் மருந்துக் கடைக்காரரிடம் நானே போய்ப் பேசினேன். கடைக்கு மேலே வெப்பநிலை காட்டும் பலகையை மூன்று வாரத்துக்கு அணைத்து வைத்தார். கூக்கா தொலைக்காட்சி ரிப்பேர் என்று சொல்லி அதன்மேல் ஒரு துணியைப் போட்டாள். தெருவில் எல்லாரிடமும், கேட்டால் 'இந்த வருஷம்தான் கொஞ்சம் சூடு' என்று சொல்லச் சொன்னாள்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? வந்த அன்றைக்கே ரொட்டிக் கடைக்காரர், தேவாலயம் பெருக்குகிறவர், என் எட்டு வயதுப் பேத்தி என்று எல்லாரும் ஒரே வாக்கியத்தை ஒரே ராகத்தில் சொன்னார்கள். கேட்காதபோதும் சொன்னார்கள். காமிலோ ஒல்லியான பையன், மரியாதைக்காரன். தலையை ஆட்டிக்கொண்டு எல்லாருக்கும் நன்றி சொன்னான்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த வீட்டிலிருந்து ஓர் அலறல் கேட்டது. கையில் கரண்டியோடு ஓடினேன். குளியலறைக் கதவுக்கு வெளியே கூக்கா நின்றுகொண்டிருந்தாள். நெரெய்டா வேலைக்குப் போயிருந்தாள்.

"சுடுது அத்தை! தண்ணி கொதிக்குது!" உள்ளே இருந்து காமிலோவின் குரல்.

"எந்தக் குழாயைத் திறந்தே மாப்பிள்ளை?"

"பச்சைத் தண்ணிக் குழாயைத்தான்!"

"அய்யோ, அதை ஏன் திறந்தே? அதை மூடு! சிவப்புக் குறி போட்டதைத் திற!"

"அது வெந்நீர் குழாய் அத்தை!"

"வெந்நீர்தான்யா குளுகுளுன்னு வரும்!"

உள்ளே குழாயை மூடும் சத்தம் கேட்டது. மாமியாருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பான், பாவம். எங்களுக்கெல்லாம் இது மூச்சு விடுவது மாதிரி, சொல்லித் தர வேண்டும் என்றே தோன்றாது. மாடித் தொட்டியில் நாள் முழுக்கக் கொதித்த தண்ணீர்தான் பச்சைத் தண்ணீர்க் குழாயில் வரும். வெந்நீர் போடும் கொப்பரை வீட்டுக்குள்ளே நிழலில் இருக்கிறது. மே மாதமே அதன் நெருப்பை அணைத்துவிடுவோம். கோடை முழுக்க அதிலிருந்து வருவதுதான் ஆறின தண்ணீர். பலகையை அணைத்தாள், தொலைக்காட்சியை மூடினாள், குழாயை மறந்துவிட்டாள்.

காமிலோ தோள்பட்டை சிவக்க வெளியே வந்து துண்டோடு நின்றான்.

"அத்தை, உண்மையைச் சொல்லுங்க. வெளியே எத்தனை டிகிரி?"

கூக்கா என்னைப் பார்த்தாள். நான் கரண்டியைப் பார்த்தேன்.

"நாப்பத்தேழு" என்றாள். பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. "ஆகஸ்ட்ல அம்பதைத் தொடும். செப்டம்பர்லயும் குறையாது. மருந்துக் கடைப் பலகையை நான்தான் அணைக்கச் சொன்னேன். டிவி நல்லாத்தான் இருக்கு. எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு மாப்பிள்ளை. நீ பயந்துக்கிட்டு அவளைக் கூட்டிட்டுப் போயிடுவியோன்னு இப்படியெல்லாம் பண்ணிட்டேன்."

அவன் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "நான் கொஞ்சம் வெளியே போயிட்டு வரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஊருக்குத் திரும்பிப் போக டிக்கெட் எடுக்கத்தான் போகிறான் என்று இருவருக்கும் தோன்றியது. கூக்கா முற்றத்து விரிப்புகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டாள். மதில் தாழ்வானது, அங்கிருந்து நிறுத்தம் நன்றாகத் தெரியும். நான் என் வாசலுக்கு வந்தேன்.

மணி நாலு. கம்ப நிழலில் ஏழு பேர். காமிலோ அதைச் சாதாரண வரிசை என்று நினைத்து மரியாதையாக ஓர் ஆள் இடைவெளி விட்டுத் தள்ளி, மொட்டை வெயிலில் நின்றான். ஏழு பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். வெங்காயப் பையோடு நடுவில் நின்ற ஒரு பருத்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, நீ என்ன பல்லியா? வெயில் காய்றியா?"

"இல்லம்மா, நான் கடைசியா வந்தேன்."

"கடைசியா வந்தா செத்தா போகணும்? உள்ள வா. எல்லாரும் வயித்தை எக்குங்கப்பா, ஒல்லிப் பையன்தான்."

"முதல்ல உன் வயித்தை எக்கு தாயி, நாலு பேருக்கு இடம் கிடைக்கும்" என்றார் முன்னால் நின்ற கிழவர்.

ஏழு பேரும் நெருங்கி நின்றார்கள். எட்டாவது ஆளாக அவனுக்கு இடம் கிடைத்தது. பேருந்து வழக்கம்போல வரவில்லை. கொஞ்ச நேரத்தில் நிழல் நகர்ந்தது, ஏழு பேரும் அரை அடி நகர்ந்தார்கள். தான் வெயிலில் விடப்பட்டதை உணர்ந்து அவனும் அவசரமாக நகர்ந்தான். மூன்றாவது தடவை நகர்ந்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அவன் ஊருக்கு வந்த பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

பேருந்தில் போனவன் ஏழு மணிக்கு ஒரு வைக்கோல் தொப்பியோடு திரும்பி வந்தான். டிக்கெட் எடுத்தானா என்று கூக்கா கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அவளுடைய வீம்பு எனக்குத் தெரியும். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள், இனி வாயைத் திறந்து கெஞ்சமாட்டாள்.

ஆனால் மறுநாளிலிருந்து அவனிடம் எதையும் மறைக்கவில்லை. காரின் இருக்கைப் பட்டை இரும்பைத் தொட்டால் தழும்பு விழும் என்று காட்டினாள். காலை ஒன்பது மணிக்கு மேல் சும்மா வெளியே போனால் திட்டினாள். காலை ஆறு மணிக்கு விரிப்புகளைத் துவைக்கும்போது அவனும் கூடவே எழுந்து வந்தான். ஒரு நாள் பகலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கொடிகளுக்கு நடுவே அலைந்தான்.

"பதினோரு நிமிஷம் அத்தை! நேத்து பன்னெண்டரை நிமிஷம். எங்கம்மா இந்தச் சைஸ் துணியை மூணு நாள் காயப்போடுவாங்க, அப்பவும் ஈர வாடை போகாது."

"மூணு நாளா? அப்ப நான் அங்க இருந்தா பட்டினிதான் கிடந்திருப்பேன்" என்றாள் கூக்கா.

அந்த வாரங்களில் கூக்கா சந்தோஷமாகத்தான் இருந்தாள். நாங்கள் எல்லாருமே அப்படித்தான் இருந்தோம். நெரெய்டா வேலை முடிந்து வந்ததும் மூன்று பேரும் என் வாசலில் பார்லித் தண்ணீர் குடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சீனக் கடைக்குப் போய், கூக்கா துவைத்த விரிப்பிலேயே வைத்து வறுத்த சாதம் சாப்பிடுவார்கள். அவன் மட்டும் பதிலைச் சொல்லவில்லை. நெரெய்டாவிடம் நான் தனியாகக் கேட்டதற்கு, "நான் கேக்கமாட்டேன் சின்னம்மா. அவரா முடிவு பண்ணட்டும். அப்பறம் என்னாலதான்னு ஒரு பேச்சு வரக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அம்மாவுக்குத் தப்பாத பெண்.

ஜூன் முப்பது வந்தது. பள்ளிக்கூடம் சாயங்காலம் ஐந்து வரை. மூன்றே முக்காலுக்குக் காமிலோ சட்டையை இஸ்திரி போட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, "போய்ச் சொல்லிட்டு வந்துடறேன் அத்தை" என்று கிளம்பினான். என்ன சொல்லப் போகிறான் என்பது அவன் முகத்தில் இல்லை. கூக்கா, "சரி மாப்பிள்ளை" என்று விரிப்பை உதறினாள். உதறின விரிப்பையே மறுபடியும் உதறினாள். எனக்கு மனசு கேட்கவில்லை, சாலையைக் கடந்து அவள் முற்றத்துக்குப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

அன்று நிழலில் ஆறு பேர். காமிலோ ஏழாவதாகப் போய் நின்றான். ஒரு நிமிஷம் கழித்து, பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். வெளியூர்க்காரி. கறுப்பு உடை போட்டிருந்தாள், அதிலேயே தெரிந்துவிட்டது. மரியாதையாகத் தள்ளி வெயிலில் நின்றாள். முன்னால் நின்றவர்கள் திரும்புவதற்குள் காமிலோ பேசிவிட்டான்.

"அம்மா, அங்க நிக்காதீங்க. உள்ள வாங்க, இடம் இருக்கு."

"பரவாயில்லங்க, நான் கடைசியாத்தான் வந்தேன்."

"எங்க ஊருல அதெல்லாம் கணக்கில்லீங்க. வெயில்ல நிக்கறவங்களைப் பாத்தா எங்களுக்குத்தான் சுடும். எல்லாரும் கொஞ்சம் வயித்தை எக்குங்கப்பா!"

எக்கினார்கள். அவள் உள்ளே வந்தாள். எட்டுப் பேரும் அரை அடி நகர்ந்தார்கள்.

நான் கூக்காவைத் திரும்பிப் பார்த்தேன். விரிப்பை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கன்னத்தில் ஈரக் கோடு.

"என்னடி அழற?"

"அழல. வேர்வைடி."

இந்த ஊரில் இத்தனை வருஷம் இருக்கிறேன், வேர்வை கன்னம்வரை இறங்கி நான் பார்த்ததில்லை. நெற்றியிலேயே காய்ந்துவிடும்.