முகமில்லாத மனிதனும் என் விரிவுரையும்

இன்று கல்பிட்டியில் ஒரு சிறிய ஓவியக் கண்காட்சிக்குப் போய் மானத்தை விட்டுவிட்டு வந்தேன்.

ஒரு ஓவியத்தின் முன் நின்றேன். குனிந்த முதுகு. முகமே இல்லை. காலடியில் கறுப்பாகச் சில திட்டுகள்.

வன்னியில் இருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவனுக்கு இது போதாதா? பக்கத்தில் நின்ற பெண்ணிடம் ஆரம்பித்துவிட்டேன்.

“தங்கச்சி, இது ஒரு அகதி. முதுகில இருக்கிறது வீட்டின்ர பாரம். காலடியில கிடக்கிறது விட்டிட்டு வந்த ஊர்கள். முகம் ஏன் இல்லையெண்டா, போர் எங்கட அடையாளத்தையே அழிச்சுப் போட்டுது.”

கையை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டிச் சொன்னேன்.

அவள் பொறுமையாகக் கேட்டு முடித்தாள்.

“நான்தான் சேர் இதக் கீறினேன். இது எங்கட வாப்பா. ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு பள்ளி வாசல்ல செருப்பத் தேடுறாரு.”

“அப்ப முகம்?”

“முகம் கீறினா உம்மா வீட்டுச் சுவர்ல மாட்ட விடமாட்டா சேர். உருவப்படம் இருக்கிற வீட்டுக்கு மலக்குமார், அதான் வானத்துத் தூதர்மார், வரமாட்டாங்க எண்டு சொல்லுவா.”

இத்தனை வருஷமாகப் பக்கத்து முஸ்லிம் வீட்டில் நோன்புக் கஞ்சி குடிக்கிறேன். அவர்கள் சுவரில் ஒரு முகம்கூட இல்லை என்பது இன்றுதான் உறைத்தது. போகிற நேரமெல்லாம் என் கதையையே சொல்லிக்கொண்டிருந்ததில், சுவரைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை போலும்.

ஓவியத்தைக் கீழே போட்டிருக்கிறேன். உங்களுக்கு என்ன தெரிகிறது? போர் என்று மட்டும் எழுதாதீர்கள். அதற்கு நான் ஒருவன் போதும்.