கயிற்றுக்கு எடுத்த அளவு

காளியாயியின் உச்சந்தலையில் வெற்றிலை அகலத்துக்கு முடி கொட்டியபோது பூசாரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆத்தா குத்தம்" என்றார். சேவல் அறுத்து, மொட்டை போட்டு, பொங்கல் வைக்க வேண்டுமாம்.

"சின்ன வயசுலருந்து கொழுந்துக் கூடைக் கயித்த அந்த எடத்துலதான் மாட்டுறேன். நடுவுல ஆத்தா எதுக்கு வர்றா?" என்றாள் அவள்.

கணவன் மாயாண்டி நடுங்கிப்போனான். குற்றம் உள்ளவளோடு ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாதென்று டயகமவில் இருந்த தாய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். "முடி மொளச்சா சொல்லியனுப்பு" என்றதுதான் போகும்போது பேசியது.

இலங்கை அரசாங்கம் மலைநாட்டுத் தோட்டச் சனங்களின் ஓட்டுரிமையைப் பிடுங்கிக்கொண்டபோது எந்த ஆத்தாவுக்கும் கோபம் வரவில்லை. ஒருத்தி சேவல் அறுக்க மறுத்ததும் வந்துவிட்டது.

உடப்புசல்லாவைக் கடைவீதியில் நூல் கடை வைத்திருந்தவரின் மனைவி ரஸீனா, கொக்கி ஊசியால் தொழுகைத் தொப்பி பின்னுவாள். காளியாயி கடை வாசலில் நின்று அந்த விரல்களையே பார்த்தாள். பிறகு ஒரு நூல் உருண்டையோடு லயத்து அறைக்கு வந்து, உடைந்த குடையின் கம்பியைக் கல்லில் தேய்த்துக் கொக்கி செய்துகொண்டாள்.

கயிற்றுக்கும் தலைக்கும் நடுவில் வைக்க, முதலில் தொப்பியைப் போலவே வட்டம் போட்டாள். சுற்றுக்குச் சுற்று கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனதில் அது சேவல் கொண்டையாகச் சுருண்டது. பிரித்தாள். கூட்டாமல் பின்னினால் கிண்ணமாகக் குவிந்தது. அதையும் பிரித்தாள். தட்டையாக வந்த பூப்பின்னலைத் தலையில் வைத்துக்கொண்டு மலைக்குப் போனால், ஓட்டைகளுக்குள் கயிறு இறங்கி, மிச்ச முடியையும் பிடுங்கியது.

"தலையில என்னாடி, மெத்தையா? படுத்துத் தூங்கவா வந்த?" என்று கங்காணி கேட்க, தேயிலை நிரை முழுதும் சிரித்தது. பக்கத்து நிரையில் நின்ற வீரம்மாவும் சிரித்தாள்.

பெட்டியடுப்பின் சூட்டில், மழையில் நனைந்த நூலைக் காயவைத்து மறுபடி ஆரம்பிப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் வீரம்மா வீட்டில் புருஷனும் பிள்ளைகளும் சோற்றுக்கு அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் குடைக்கம்பி நூலில் உரசும் சத்தம் மட்டுந்தான்.

நெருக்கமாக, கெட்டியாகப் பின்னிப் பார்த்தாள். வீட்டில் நன்றாகத்தான் இருந்தது. மலையில், கொழுந்தைப் பின்னால் எறிந்த ஒவ்வொரு வீச்சுக்கும் நகர்ந்து கண்ணை மூடியது. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் புரிந்தது. தலை அசையவில்லை, கயிறுதான் அசைகிறது. இவ்வளவு நாளும் தலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அடுத்ததைக் கயிற்றுக்கு அளவெடுத்தாள். நீளப் பட்டை, இரு ஓரமும் வரப்புப் போல உயர்ந்து நடுவில் வாய்க்கால், நுனிகளில் கயிறு நுழைய வளையம். கயிறு போன பக்கமெல்லாம் பட்டையும் கூடவே போனது.

மழைக்காலம் முடியும்போது உச்சியில் பூனை மயிர் போலப் புதுமுடி தட்டுப்பட்டது. சொல்லியனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாயாண்டி வந்தான். தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தான். "அங்க அம்மா சேவல் அறுத்துச்சு. அதான் மொளச்சிருக்கு."

அவள் பட்டையை நீட்டினாள். "இதப் பாரு. கயித்துல மாட்டியிருக்கேன்."

"நூலா முடிய மொளைக்க வைக்கும்? ஆத்தா மன்னிச்சிட்டான்னு கோயில்ல ஒரு வார்த்த சொல்லு புள்ள. நாளைக்கே பொட்டியோட வந்துர்றேன்."

அந்த ஒரு வார்த்தை போதும். அவன் இருமல்கூட இந்த அறைக்குத் திரும்பி வந்துவிடும். அவனுக்கு வைத்த தேத்தண்ணியில் ஆடை படிந்தது.

"மன்னிக்க நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றாள் கடைசியில்.

அவன் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனான்.

மறுநாள் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் வீரம்மா ஒட்டி வந்து நின்றாள். "எனக்கும் உச்சியில கொட்டுது. ஒண்ணு பின்னித் தாயேன். எம் மாமியாளுக்குத் தெரியாம போட்டுக்கறேன்."

"தெரிஞ்சே போட்டுக்கறதுன்னா தாறேன்."

வீரம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

அன்று மாலை காளியாயி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். வீரம்மாவின் கயிறு தன்னுடையதைவிடத் தடிப்பு என்பது ஞாபகம் வந்தது. வாய்க்காலைக் கொஞ்சம் அகலமாக வைத்துப் பின்னத் தொடங்கினாள்.